எண்ணெயை விரட்டிய வீடு

இந்த உடல்நலக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஜெயா அம்மையார் அவர்களே! முன்வரிசையை முகப்பொலிவால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! செம்பனைக் குலை சுமந்த தோளோடு ரெம்பியாத் தோட்டத்திலிருந்தும், அடுப்பை அணைத்த கையோடு பாயா ரும்புட் வீடுகளிலிருந்தும் வந்திருக்கும் என் தாய்மார்களே! கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கும் மளிகைக்காரன் ஹனீஃபின் சலாமும் வணக்கமும்.

நான் டாக்டர் அல்லன். படிக்கிற வயதில் அரிசி மூட்டை தூக்கியவன். ஆனால் எந்த வீட்டில் எது வேகிறது என்று எனக்குத் தெரியும். என் கல்லாவைத் தாண்டித்தானே அது போகிறது! அந்தத் தைரியத்தில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

சுங்கை ஊடாங் பெட்ரோலிய ஆலையில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர் தம்பி யுவனேஸ்வரன். தொட்டியின் வாயோ குறுகியது. தம்பியின் உடலோ பெருகியது. அடுத்த மருத்துவச் சோதனைக்குள் எடை குறையாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் குத்தகைக்காரர். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடு. அந்த வேலைதான் அந்த வீட்டின் கூரை.

மறுநாளே தம்பியின் மனைவி பவானேஸ்வரி என் கடையில் நின்றார்.

"பாய், எண்ணெ போத்தல எடுத்து வைங்க. இனிமே நம்ம வூட்ல எண்ணெயே கிடையாது."

"அப்ப மீன எதுலம்மா பொரிப்ப?"

"மீனும் வேணாம், முட்டயும் வேணாம், தேங்காப்பாலும் வேணாம். எல்லாம் கொழுப்புலா! வெறும் ரசஞ்சோறுதான்."

பக்கத்தில் நின்ற யுவனேஸ்வரன் சிரித்தார்: "பொழுதெல்லாம் எண்ணெக்குள்ளதான் கெடக்கேன் பாய். வவுத்துக்குள்ளயும் எதுக்கு?"

எண்ணெய் போனது. மீன் போனது. முட்டை போனது. பசி போனதா? பசி எங்கே போகும்! ஒரு தட்டுச் சோறு இரண்டு தட்டானது. பத்து மணிக்குக் 'கொழுப்புக் குறைந்தது' என்று அட்டையில் எழுதிய பிஸ்கட். மாலையில் இனிப்பு டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர். தாகத்துக்குச் சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புச் சிராப். "இதுல எங்க பாய் எண்ணெ இருக்கு, அதான் தைரியமா குடிக்கிறோம்" என்பார்கள். நானும் சொன்னேன், எதை எடுத்தீர்கள் என்பதை விட அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்று பாருங்கள் என்று. "வாட்ஸ்அப்புல ஒரு டாக்டரே சொல்றாரு பாய்" என்றார் அந்த அம்மா. டாக்டருக்கு முன்னால் மளிகைக்காரன் எம்மாத்திரம்!

என்ன, பின்னால் யார்? தினேஷ்வரனா? "அப்ப நெய்ய அள்ளி ஊத்தலாமா பாய்" என்கிறார்! எவன் சொன்னான் தம்பி? எடைக்கு எடை பார்த்தால் அரிசியை விட எண்ணெய்க்கு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி. அளவு மீறினால் அதுவும் தொப்பைதான். ஆனால் மீனும் முட்டையும் பருப்பும் பசியைப் பிடித்து நிறுத்தும். கொஞ்சம் கொழுப்பும் அதற்குத் துணை நிற்கும். எல்லாவற்றையும் துரத்திவிட்டு மாவையும் சர்க்கரையையும் மட்டும் அமர்த்தினால், உடம்பு என்ன செய்யும்? சேர்த்துத்தான் வைக்கும்!

சோதனை நாள் வந்தது. யுவனேஸ்வரன் தராசில் ஏறினார். எடை கூடியிருந்தது.

சோம்பேறி தோற்றால் எனக்கு வருத்தமில்லை, தாய்மார்களே. தீபாவளிப் பலகாரத்தைக்கூடத் தொடாதவர் தோற்றார். பிள்ளைகள் பொரித்த கோழி கேட்டு அழுதபோதும் வாங்காத வீடு தோற்றது. இத்தனை வைராக்கியம், இத்தனை கட்டுப்பாடு, அத்தனையும் தவறான வாசலில் காவல் நின்றது! இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

எடையைக் குறைக்கக் கடைசியாக ஒரு தவணை கொடுத்திருக்கிறார் குத்தகைக்காரர். எனக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும், வரவில்லை. நேற்று அந்த அம்மா கடைக்கு வந்தார்.

"பாய், அரிசி வேணாம். பருப்பு, காயி, பழம் ஒண்ணுமே வேணாம். நெய் குடுங்க, பெரிய டின்னு. இப்ப வேற வீடியோ பாத்தோம். வெறும் நெய்யும் கோழித் தோலுந்தான்."

"எத்தன நாளைக்கும்மா?"

"வேல நெலைக்கிற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

அவர் காசை எண்ணி வைத்தார். நெய் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்து நிற்குமிடத்துக்கு நடந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

இந்த மண்டபத்தில் எத்தனை பவானேஸ்வரிகள் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. என் பேச்சு உங்களைத் திருப்பும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. இருந்தும் இவ்வளவு நேரம் காது கொடுத்தீர்கள். அந்தப் பொறுமைக்கு என் நன்றி. போய் வருகிறேன். சலாம், வணக்கம்.