குழிக்கு ஐந்து முளை

அண்ணி: எலியா?

நாத்தனார்: எலிதான் அண்ணி. விதையை வாயில கவ்விக்கிட்டு ஓடும்போது கீழ போட்டது முளைச்சிருக்கும்.

அண்ணி: வரிசையாவா?

நாத்தனார்: ...நல்லா வளர்ந்த எலியா இருக்கும்.

அண்ணி: குழிக்குக் குழி, ஒண்ணு விடாம விதை போட்டு, மண்ணை மூடி, மேல சருகும் பரப்பிட்டுப் போயிருக்கு. அந்த எலியை எனக்குக் காட்டு. கூலிக்கு வெச்சுக்கலாம்.

நாத்தனார்: காலங்காத்தால என்னை ஏன் முறைக்கிறீங்க? நான் இப்பதான் காட்டுக்கே வரேன்.

அண்ணி: முதல் மழை பெஞ்ச அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?

நாத்தனார்: "ரெண்டாவது மழை வந்து, மண்ணு முழங்கை ஆழத்துக்கு நனைஞ்சாத்தான் விதை டின்னைத் தொடணும்." மனப்பாடமா இருக்கு.

அண்ணி: ஏன் சொன்னேன்?

நாத்தனார்: போன வருஷம் முதல் மழையை நம்பிச் சோளம் விதைச்சோம். முழங்கால் உசரம் வந்துச்சு. அப்புறம் வானம் கதவைச் சாத்திக்கிச்சு. நின்ன வாக்குல எல்லாம் வறுபட்டுப் போச்சு.

அண்ணி: அதுக்கு முந்தின வருஷம்?

நாத்தனார்: அப்ப மழை வந்துச்சு. கதிர் அறுக்கிற அன்னிக்கு வந்துச்சு. கதிர் செடியிலேயே முளை விட்டுச்சு. போதுமா? இல்ல, பரிட்சையில இன்னும் கேள்வி இருக்கா?

அண்ணி: இருக்கு. உங்கண்ணன் எதுக்குக் கட்டட வேலைக்குப் போனார்?

நாத்தனார்: ...அதனாலதான்.

அண்ணி: தப்பிச்சது எந்த மூலை?

நாத்தனார்: அந்தத் தாழ்வான மூலை. அதுல நின்ன கொஞ்சம் செடிதான் நமக்கு மிஞ்சின விதை. அந்த ஒரு டின்னு போச்சுன்னா வேற கிடையாது. தெரியும் அண்ணி.

அண்ணி: தெரிஞ்சுமா கைய வெச்ச?

நாத்தனார்: நான் எங்க...

அண்ணி: வாலு. என் முகத்தைப் பாரு. பார்த்துட்டுச் சொல்லு.

நாத்தனார்: சந்தைக்குப் போனீங்கல்ல ஒரு நாள்...

அண்ணி: போனேன்.

நாத்தனார்: அன்னிக்குத்தான். மண்ணு கையில புட்டு மாதிரி உதிர்ந்துச்சு அண்ணி. வெயில் காலம் முழுக்க ரெண்டு பேரும் கடப்பாரையைப் பிடிச்சு வெட்டின குழி. ஒவ்வொண்ணுலயும் தண்ணி கண்ணு மாதிரி நிக்குது. பார்த்துக்கிட்டு சும்மா இருன்னா எப்படி இருக்கிறது? குழிக்கு ரெண்டு போட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க.

அண்ணி: குழிக்கு எத்தனை?

நாத்தனார்: ரெண்டு.

அண்ணி: சரியா சொல்லு.

நாத்தனார்: ரெண்டுதான். நான் எப்பவும் ரெண்டுதானே போடுவேன். மூணு போடுறது நீங்கதான்... ஒரு நிமிஷம்.

அண்ணி: என்ன?

நாத்தனார்: இந்தக் குழியில அஞ்சு இருக்கு.

அண்ணி: வெயில் ஏறுது, வா போகலாம்.

நாத்தனார்: இதுலயும் அஞ்சு. ரெண்டு உசரம், மூணு குட்டை. இதுலயும். அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. எங்க வேகமா நடக்கிறீங்க?

அண்ணி: அடுப்புல...

நாத்தனார்: அடுப்பே இன்னும் பத்த வைக்கலை.

அண்ணி: அப்ப பத்த வைக்கணும்ல.

நாத்தனார்: அந்த எலி இப்ப என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது. நீலப் புடவை கட்டியிருக்கு.

அண்ணி: சிரிக்காதடி.

நாத்தனார்: ஊருக்கெல்லாம் சொல்றது, "பொறுமை வேணும், பொறுமை வேணும்." எப்ப நடந்துச்சு இது?

அண்ணி: நீ மாவு மில்லுக்குப் போனியே, அன்னிக்கு. மண்ணு மேல கொஞ்சம் கிளறினாப்ல இருந்துச்சு. கோழி சீச்சிருக்கும்னு விட்டுட்டேன்.

நாத்தனார்: கோழி சீச்சிட்டு சருகைத் திருப்பிப் போட்டு மூடுமா?

அண்ணி: நீ எலி சொன்னல்ல, நான் கோழி சொல்லக்கூடாதா?

நாத்தனார்: சரி, விதை எங்க இருந்து வந்துச்சு உங்களுக்கு?

அண்ணி: எங்க இருந்து வரும், டின்னுல இருந்துதான். பயப்படாதே. மொத்தத்தையும் போட்டுடலை. பாதியை அப்படியே வெச்சிருக்கேன். இது கருகினாலும் இன்னொரு தடவை விதைக்கலாம்.

நாத்தனார்: எந்த டின்னு?

அண்ணி: விதை டின்னுதான். நம்ம வீட்டுல என்ன பத்து டின்னா இருக்கு?

நாத்தனார்: ...அண்ணி, கொஞ்சம் இந்த வரப்புல உக்காருங்க.

அண்ணி: எதுக்கு?

நாத்தனார்: உக்காருங்க, சொல்றேன். அது விதை இல்லை.

அண்ணி: என்ன உளர்ற? சாம்பல் பூசி, நானே மூடி வெச்சது.

நாத்தனார்: நீங்க பூசினதை நான் குழியில போட்டுட்டேன். டின்னு காலியா இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு... வேற சோளத்துக்கு நான் சாம்பல் பூசி வெச்சேன்.

அண்ணி: எந்தச் சோளத்துக்கு?

நாத்தனார்: கோழித் தீனி மூட்டையில இருந்துச்சே...

அண்ணி: நான் கோழித் தீனியையா விதைச்சேன்?

நாத்தனார்: ரொம்ப நல்லா விதைச்சிருக்கீங்க. ஒண்ணு கூடப் பழுதாகாம முளைச்சிருக்கு.

அண்ணி: குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போச்சுடி எனக்கு.

நாத்தனார்: அன்னிக்கு ராத்திரி, தண்ணிக் குடம் தூக்கினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னீங்க. நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன்.

அண்ணி: தேய்க்கும்போதாவது சொல்லியிருக்கலாம்ல, பாவி.

நாத்தனார்: நீங்க விதைச்சது எனக்கெப்படித் தெரியும்? பார்த்தவுடனே சந்தேகம் வரலையா உங்களுக்கு? தீனிச் சோளம் இத்தனூண்டு இருக்குமே.

அண்ணி: சின்னதாத்தான் இருந்துச்சு. வறட்சியில விளைஞ்ச விதை, சூம்பித்தான் இருக்கும்னு நினைச்சேன். பாவம்னு ஒண்ணைக் கூட ஒதுக்காமப் போட்டேன்.

நாத்தனார்: ஐயோ அண்ணி...

அண்ணி: மூட்டை சீக்கிரம் காலியாகுதேன்னு அந்தச் சேவலைப் போய்த் திட்டினேன்.

நாத்தனார்: அது உங்க கிட்டயே வரமாட்டேங்குது. நானும் ஏன்னு பார்த்தேன்.

அண்ணி: சிரிச்சது போதும். இங்க பாரு, நிஜமா சொல்லு. அப்ப டின்னுல மிச்சம்?

நாத்தனார்: அதுவும் தீனிதான்.

அண்ணி: வேற எங்கயாவது ஒரு பிடி ஒதுக்கி வெச்சிருக்கியா?

நாத்தனார்: இல்லை அண்ணி. எல்லாம் இதோ, நிக்குது பாருங்க. இந்த உசரமான ரெண்டுதான்.

அண்ணி: ...மேல ஒரு மேகத்தைக் காணோம்.

நாத்தனார்: மழை தள்ளிப் போகும்னுதான் ரேடியோவுலயும் சொன்னாங்க.

அண்ணி: ராத்திரி கூடப் புழுங்குது. முன்னெல்லாம் மழைக்கு ஒரு மாசம்னு இருந்துச்சு. இப்ப அது நினைச்சா வருது, நினைச்சா போகுது. நீயாவது, நானாவது, யாராவது ஒருத்தர் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாத்தனார்: வாயை இல்லை, கையை.

அண்ணி: ரெண்டையும்தான். இப்ப என்ன பண்ணலாம், சொல்லு.

நாத்தனார்: குட்டையில இன்னும் கொஞ்சம் தண்ணி கிடக்கு. குழிக்கு ஒரு டம்ளர். சாயந்திரம் மட்டும் ஊத்தலாம், வெயில் குடிச்சிடாம. ஆனா அஞ்சு வாய்க்குப் பத்தாது. குட்டைச் செடி மூணையும் பிடுங்கிடலாம்.

அண்ணி: குட்டைச் செடி என்னோடது.

நாத்தனார்: கோழியோடது.

அண்ணி: நான் குனிஞ்சு போட்டதுடி.

நாத்தனார்: அதனாலதான் நான் பிடுங்குறேன்னேன். உங்களுக்குக் கை வராது. நீங்க சருகை மட்டும் சரி பண்ணுங்க. பிடுங்கினதையும் சருகோட சேர்த்துப் பரப்பிடலாம்.

அண்ணி: மெதுவா. வேரு பின்னிக்கிட்டிருக்கும். உசரத்தையும் சேர்த்து இழுத்துடாதே.

நாத்தனார்: தெரியும் அண்ணி.

அண்ணி: அந்தப் பையில போன் அடிக்குது பாரு.

நாத்தனார்: அண்ணன்தான். இந்தாங்க. ஸ்பீக்கரைப் போடுங்க, காதுல வெச்சா ஒண்ணும் கேக்காது.

அண்ணி: ...சொல்லுங்க.

அண்ணன்: எங்க இருக்க?

அண்ணி: காட்டுல.

அண்ணன்: விதைச்சீங்களா இல்லையா? மாசக் கடைசி ஆச்சு. மண்ணுல ஒண்ணும் இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பணும்னு சொல்லியிருந்தேன்ல.

அண்ணி: முளைச்சிருக்கு.

அண்ணன்: முளைச்சிருக்கா? நீதானே ரெண்டாவது மழைக்குக் காத்திருக்கணும்னு என்னோட சண்டை போட்ட?

அண்ணி: எலி விதைச்சுடுச்சு.

அண்ணன்: என்னது?

அண்ணி: ஒண்ணுமில்லை. நல்லா முளைச்சிருக்கு. தண்ணி ஊத்திக் காப்பாத்துவோம்.

அண்ணன்: ரெண்டு பேரும் குடம் தூக்கி எத்தனை நாள் தாங்கும்? சரி, ஒண்ணு சொல்றேன். அடுத்த மழை வரைக்கும் அது உசிரோட நின்னுச்சுன்னா நான் களையெடுக்க வந்துடறேன். இங்க இருக்கிறதை விட்டுட்டே வரேன். கருகிப் போச்சுன்னா மறுபேச்சுப் பேசாம நீங்க வந்துடணும். சம்மதமா?

அண்ணி: சரி.

அண்ணன்: அவகிட்ட அந்த விஷயத்தைச் சொல்லிட்டியா?

அண்ணி: ஹலோ... கேக்கலைங்க... ஹலோ...

நாத்தனார்: எனக்கு நல்லாவே கேக்குது.

அண்ணன்: வாலும் அங்கதான் இருக்காளா? ...சரி, சரி. நான் அப்புறமா பேசறேன்.

நாத்தனார்: எந்த விஷயம் அண்ணி?

அண்ணி: உரம் வாங்குறது பத்தி.

நாத்தனார்: உரத்தை என்கிட்ட சொல்ல என்ன பயம்?

அண்ணி: நீ பிடுங்கு. பேச்சுல ஒரு குழியை விட்டுட்ட பாரு.

நாத்தனார்: அண்ணி. இப்ப நீங்க என் முகத்தைப் பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க.

அண்ணி: ...அங்க உங்கண்ணனுக்குக் கிடைச்சது ஒரே ரூம். அதுலயே சமையல், அதுலயே படுக்கை. அவர், நான், பாப்பா. அதுக்கு மேல பாய் விரிக்க இடமில்லையாம். உன்னை உங்கக்கா வீட்டுல விட்டுட்டு வரச் சொன்னார். கொஞ்ச நாளைக்குத்தான்னார். முதல் மழை பெஞ்ச வாரமே சொல்லிட்டார். நான்தான்... சாப்பிடும்போது சொல்லலாம்னு நினைப்பேன், நீ ஏதாவது சிரிப்புக் காட்டுவ. விளக்கை அணைச்சுட்டுச் சொல்லலாம்னு நினைப்பேன், நீ பாப்பாவைக் கட்டிக்கிட்டுத் தூங்கிடுவ. எனக்கு வாய் வரலை. பயிர்னு ஒண்ணு நின்னா அந்தப் பேச்சே எழாதுல்ல. அதான் நீ மில்லுக்குப் போன நேரம் பார்த்து டின்னைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். உங்கண்ணன் மேல கோவிச்சுக்காதே. அவருக்கு அப்படி எல்லாம் யோசிக்கத் தெரியாது. யாரோ கூட இருக்கிறவங்கதான் சொல்லிக் கொடுத்திருக்கணும்.

நாத்தனார்: நான்தான் அண்ணி சொல்லிக் கொடுத்தேன். "ஒரு ரூம் போதும்ணே, நான் அக்கா வீட்டுக்குப் போயிக்கிறேன், நீ அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கோ, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே"ன்னு. பெரிய மனுஷி மாதிரி பேசிட்டு வந்து படுத்தேன். பாப்பா தூக்கத்துல காலைத் தூக்கி என் மேல போட்டா. மறுநாள் நீங்க சந்தைக்குக் கிளம்பித் தெரு திரும்பறதுக்குள்ள நான் டின்னோட இங்க நிக்குறேன்.