எண்ணும் நாள் விருந்தாளிகள்

பீட்சா விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். அன்னாசிப்பழம் போட்ட பீட்சா ஒன்றை நான் வரவழைத்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது என் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெர்னிஸின் வேலை. சுடச்சுடப் பழத்தைத் தின்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது. மற்றபடி நீங்கள் கேட்கிற எல்லாவற்றையும் செய்தது நான்தான். மாநிலக் காவல்துறையிலிருந்து இவ்வளவு தூரம் பனியில் வந்திருக்கிறீர்கள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் லோர்னா காங்கஸ். ஆட்டர் பே கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர். மாவட்டம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஏரிக்கரையில் மூன்று பள்ளிக் கட்டடங்கள், சில பேருந்துகள், ஒரு ஹாக்கி அரங்கம், அவ்வளவுதான். இதை ஆள ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம் ஒன்று உண்டு. தலைவர் கோர்டி லெஹ்டோ பனிவண்டி விற்பவர். மற்றவர்களில் ஒருவர் பல் பிடுங்குபவர், ஒருவர் சவப்பெட்டி விற்பவர். போன வருடத்து வரவு செலவுத் திட்டத்தை காபி ஆறுவதற்குள் நிறைவேற்றிவிட்டார்கள். ஹாக்கி அணியின் சட்டையில் இருக்கும் நீர்நாய் சிரிக்க வேண்டுமா, முறைக்க வேண்டுமா என்பதற்குத்தான் இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. முறைப்பது என்று முடிவாயிற்று.

அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் ஆசைப்பட்டது இரண்டே விஷயம். அரங்கத்தின் ஒழுகுகிற கூரையை மாற்ற வேண்டும், பக்கத்து ஊரான பர்ச் ஹாலோவைவிட நம் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும். கூரைக்கு வரி போட ஊரார் சம்மதிக்க வேண்டும். மதிப்பெண் மட்டமாக இருந்தால் எவன் சம்மதிப்பான்?

கோர்டி ஒருநாள் என் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இங்க பாரு லோர்னா. மார்க்கு ஏறலன்னா வரிக்கு ஓட்டு விழாது. வரி இல்லன்னா கூரை இல்ல. என்ன மந்திரம் போடுவியோ போடு. ஆனா எப்படிப் போட்டேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்" என்றேன். இன்றுவரை சொல்லவும் இல்லை. வாக்குத் தவறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் மாநிலத்தில் எண்ணும் நாள் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. அன்றைக்கு வகுப்பில் எத்தனை தலை தெரிகிறதோ அத்தனை தலைக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். மற்ற நாட்களில் அந்தத் தலைகள் எங்கே இருக்கின்றன, உள்ளே ஏதாவது போகிறதா என்றெல்லாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் எண்ணும் நாளில் ஒவ்வொரு ஊரும் பிள்ளைகளைத் தாஜா செய்யும். நாங்கள் முதலில் பாஸ்டி கொடுத்துப் பார்த்தோம். வீட்டிலும் இறைச்சி ரொட்டி, பள்ளியிலும் இறைச்சி ரொட்டியா என்று பலர் வரவில்லை. பீட்சாவுக்கு மாறிய வருடம் காய்ச்சலில் கிடந்தவன்கூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்தான்.

தேர்வு ஏப்ரலில். ஆக, பணத்துக்குப் பிள்ளை வேண்டும், தேர்வுக்கு அதே பிள்ளை வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. படிப்பில் பின்தங்கியவர்களின் பெற்றோரை, இலையுதிர் எண்ணிக்கை முடிந்ததும் கூப்பிட்டு நயமாகப் பேசுவேன். "வீட்டுவழிக் கற்றல்" என்று நானே பெயர் வைத்தேன். ஒரு கட்டுப் பயிற்சிப் புத்தகம் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஏப்ரலுக்கு முன்னால் காகிதத்தில் அவர்கள் பைன் நிழல் அகாதெமி என்ற தனியார் பள்ளிக்கு மாறிவிடுவார்கள். அந்த அகாதெமிக்குச் சுவரும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் அனுப்பும். நான் ஒரு பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. பெற்றோர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

எண்ணும் நாட்களில் மட்டும் அவர்களைத் திரும்ப அழைத்துவருவோம். விருந்தாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். ரெய்னோ ஆஹோலா என்ற ஓட்டுநர் தனிப் பேருந்தில் போய் அள்ளிக்கொண்டு வருவார்.

"மகாராணி, உங்க விருந்தாளிங்க எல்லாம் வந்தாச்சு" என்பார். "மத்த நாள்ல இதுங்கல்லாம் எங்க போகுதுங்கன்னு கேக்கலாமா?"

"தாராளமா கேக்கலாம் ரெய்னோ. பதில்தான் வராது."

"அதான் கேக்கல."

இரண்டே வருடத்தில் பர்ச் ஹாலோ மண்ணைக் கவ்வியது. தலைநகரிலிருந்து கண்ணாடிக் கேடயம் வந்தது. வரிக்கு ஓட்டு விழுந்தது, புதுக் கூரை ஏறியது. அதைப் பார்த்துக் கோர்டி தேம்பித் தேம்பி அழுதார். சொந்த அண்ணன் செத்தபோது அந்த மனிதர் கைக்குட்டையையே எடுக்கவில்லை.

ஜூனி போட்ரிக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

ஜூனிக்குப் பதினான்கு வயது. வாசிக்கச் சொன்னால் ஒரு வரிக்குள்ளேயே மூன்று முறை இளைப்பாறுவாள். ஊர்க்கோடியில், சக்கரம் கழற்றிய வண்டிவீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மா மார்சிக்குத் தொலைவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மற்ற விருந்தாளிகளுக்குப் பள்ளி இல்லை என்றால் கொண்டாட்டம். ஜூனியிடம்தான் சிக்கல். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. படிப்பு ஏறவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. அப்படியும் ஒரு பிறவி.

நான் விளக்கியபோது மார்சி தலையாட்டிவிட்டாள். பெண்தான் கேட்டாள்: "அப்ப மத்தியானம் சாப்பிடறப்ப என் பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"வீட்டுல நீதான் கண்ணு ராணி."

"ராணி பக்கத்துலயும் யாராவது உக்காருவாங்கல்ல?"

ஜனவரியில் அவளே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மேடம், அடுத்த எண்ணும் நாள் எப்போ?" சொன்னேன். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் வரட்டுமா? கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். பரீட்சை எதுவும் எழுத மாட்டேன், சத்தியமா."

ஆக, அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு மூளையில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல் இல்லை. பெர்னிஸிடம் சொல்லி வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று அனுப்பிவைத்தேன். அப்போதுதான் பெர்னிஸுக்கு அந்த அன்னாசி யோசனை வந்திருக்க வேண்டும். பள்ளி முழுவதிலும் அதை விரும்பித் தின்பவள் ஜூனி ஒருத்திதான்.

பிப்ரவரி எண்ணும் நாளுக்கு முந்தைய இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடியும்போது நின்றுவிட்டது. இங்கே அதற்கெல்லாம் பள்ளியை மூடினால் சிரிப்பார்கள். அன்றைக்குத் தலைநகரிலிருந்து பிரென்டிஸ் வோகல் என்ற தணிக்கைக்காரரும் வந்திருந்தார். எங்கள் மதிப்பெண் அவ்வளவு வேகமாக ஏறியது அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஒரே ஒரு பிள்ளை எண்ணிக்கையில் குறைந்தாலும் அந்தப் பிள்ளையின் மற்ற நாட்களையும் தோண்டுவேன் என்று, காலணிப் பனியை என் கம்பளத்தில் உதறிக்கொண்டே சொன்னார்.

அவர் முதல் வகுப்பில் எண்ணத் தொடங்கியபோது ரெய்னோ வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"மகாராணி, ஜூனி வீட்டு வாசல்ல நிக்கறேன். உள்ள லைட் எரியுது. ஹாரன் அடிச்சு அடிச்சுக் கையே வலிக்குது. ஆளக் காணோம்."

"தூங்கறா போல."

"ஜூனியா? எண்ணும் நாள்லயா? போன தடவை நான் வர்றதுக்கு முன்னாடியே ரோட்ல நின்னு மூக்கெல்லாம் செவந்து கெடந்தா. கூரைப் பனி மொத்தமா சரிஞ்சு பக்கத்துச் சுவரையே மூடியிருக்கு. எனக்கு என்னவோ சரியாப் படல. எறங்கிப் பாக்கட்டுமா? ரெண்டு நிமிஷம்."

ரெய்னோ இன்னும் சில வீடுகளுக்குப் போக வேண்டும். ரெய்னோ ஒரு கதவைத் தட்டினால் காபி குடிக்காமல் திரும்புகிற ஆள் இல்லை. தணிக்கைக்காரர் இரண்டாம் வகுப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"வேண்டாம். மிச்சப் பேர ஏத்திக்கிட்டு வா."

"மேடம்..." என்றார். அவர் என்னை மகாராணி என்று கூப்பிடாதது அதுதான் முதல்முறை.

"வா, ரெய்னோ."

வந்துவிட்டார். அவரைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அந்த மனிதர் இறங்கத்தான் பார்த்தார்.

ஜூனியின் வகுப்பில் வோகல் அவள் பெயரைப் படித்தபோது, வயிற்றுவலி என்று செவிலியர் அறையில் படுத்திருக்கிறாள் என்றேன். "பீட்சா தின்னதாலயா?" என்று கேட்டார். "இன்னும் குடுக்கலையே, அந்த ஏக்கத்துலதான்" என்றேன். சிரித்துவிட்டு, "வந்திருக்கிறாள்" என்று பட்டியலில் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். பிறகு என் அறைக்கு வந்து, பீட்சாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

அப்போது, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், தொலைபேசி அடித்தது. பெர்னிஸ் உணவுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்ததால் நானே எடுத்தேன்.

"மேடம், நான் மார்சி. ராத்திரியே ரோட்ட மூடிட்டாங்க, இங்கயே மாட்டிக்கிட்டேன். வீட்டுக்கு அடிக்கிறேன் அடிக்கிறேன், ஜூனி எடுக்கவே மாட்டேங்கறா. ஹீட்டர்லேருந்து ஒரு மாதிரி நாத்தம் வருதும்மான்னு நேத்தே சொன்னா. பக்கத்து வீட்டு லின்ட்குவிஸ்ட்டுக்குப் போன் பண்ணி எட்டிப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்தான் இன்னைக்கு உங்க எண்ணும் நாளாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. பஸ்ல வந்துட்டாளா?"

வோகல் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மார்சியின் குரல் அவருக்கும் கேட்டிருக்கும்.

"வந்துட்டாளே மார்சி" என்றேன். "அன்னாசி பீட்சா அவளுக்குன்னே வந்திருக்கு."

"அப்பாடா" என்றாள். மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "உயிரே இல்ல மேடம் எனக்கு. அப்ப லின்ட்குவிஸ்ட்டத் தொல்லை பண்ணல. சாயங்காலம் வந்துடுவேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றேன்.

வோகல் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். அன்னாசித் துண்டு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

சரிந்த கூரைப் பனி ஹீட்டரின் புகை போகும் குழாயை அடைத்துவிட்டது, நச்சுக் காற்று வீட்டுக்குள்ளேயே நிறைந்துவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். அவள் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாள் என்றீர்கள். மத்தியானம் தாண்டும்வரை உயிர் இருந்தது என்று மருத்துவர் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்துக் காட்டினீர்கள். ஒரு முறையே போதும், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். கூரைப் பனி சரிந்தது ரெய்னோவுக்குத் தெரியும், ஹீட்டர் நாறியது அவருக்குத் தெரியாது. ஹீட்டர் நாறியது மார்சிக்குத் தெரியும், பனி சரிந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிறந்ததிலிருந்து இந்தப் பனியில்தான் வாழ்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். சேர்த்துப் பார்த்த பிறகுதான் மார்சிக்குப் பதில் சொன்னேன்.

பொய் என்கிறீர்கள், கொலை என்றும் எழுதிக்கொள்வீர்கள். உங்கள் வேலை அது. ஆனால் அன்றைக்கு மார்சி வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்வரை ஒரு கவலையும் இல்லாமல் இருந்தாள். ஒரு பகல் முழுக்க அந்தத் தாய்க்கு நிம்மதியைக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.