சவேரியம்மாள் சொன்ன பானகம்

இருதயம்: குடிங்க டீச்சரம்மா. கிளாங்லேர்ந்து வண்டியில தூக்குச்சட்டியை மடியிலேயே வெச்சுக் கொண்டாந்தேன். ஒரு சொட்டு சிந்தல.

பெர்னடெட்: ரயில்வே உத்தியோகத்தை விட்டுட்டுப் பானகக் கடை போடப் போறீங்களா, இருதயம்?

இருதயம்: முதல்ல குடிச்சுப் பாருங்க லா...

பெர்னடெட்: ம்... சுக்கு தூக்கலா இருக்கே.

இருதயம்: என் வீட்டுக்காரி கடுதாசில அப்படித்தானே இருந்துச்சு? "சுக்கை நல்லாத் தட்டிப் போடுங்க"ன்னு?

பெர்னடெட்: இனிப்பும் என்னவோ வேற மாதிரி...

இருதயம்: பாசார்ல கருப்பட்டி கிடைக்கல. மலாய்க்காரம்மா ஒருத்தங்க கிட்ட கூலா மலாக்கா, அதான் இந்த ஊரு தென்னைவெல்லம், வாங்கிக் கரைச்சேன். ஏன், நல்லால்லியா?

பெர்னடெட்: யாரு சொன்னா? இன்னொரு தம்ளர் ஊத்துங்க. இவ்வளவு எதுக்குக் கரைச்சீங்க?

இருதயம்: ஒரு ஆளுக்குன்னு கரைக்கக் கை வர மாட்டேங்குது. எப்பவும் ஒரு சட்டி ஆயிடுது.

பெர்னடெட்: எனக்கும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் போய் நாலு வருசமாச்சு... இன்னும் சோறு மிஞ்சுது.

இருதயம்: சரி... கடுதாசி.

பெர்னடெட்: மறுபடியுமா? ஏழு வாரமா ஒரே கடுதாசி. மடிப்புல கிழிஞ்சே போச்சு!

இருதயம்: எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் இங்க பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வரேன்?

பெர்னடெட்: ஞாயித்துக்கிழமைப் பூசைக்கும் இங்கதானே வரீங்க. கிளாங்ல மாதாகோவிலே இல்லாத மாதிரி.

இருதயம்: இங்க வேலை பார்த்தப்போ பழகின கோவில்... பேச்சை மாத்தாதீங்க. படிங்க.

பெர்னடெட்: "அன்புள்ள புருஷனுக்கு சவேரியம்மாள் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வெயிலில் தண்டவாளத்தில் நிற்கிறீர்களே, தினமும் பானகம் கரைத்துக் குடியுங்கள். சுக்கு, மிளகு..."

இருதயம்: மிளகா? போன வாரம் மிளகு இல்லையே.

பெர்னடெட்: இருந்துச்சு. உங்க காதுல விழல.

இருதயம்: மூணாவது வாரம் நீர்மோர் இருந்துச்சு. பெருங்காயம், இஞ்சி எல்லாம் போட்டு. அதையும் இப்போ காணோம்.

பெர்னடெட்: அது... பின்பக்கத்துல இருக்கு. சில நாள் திருப்பிப் படிக்க மறந்துடறேன்.

இருதயம்: பின்பக்கம் வெறுங்காகிதம், டீச்சரம்மா. எழுத்து தெரியாட்டியும் வெள்ளை தெரியும்.

பெர்னடெட்: இருங்க, கடுதாசியை மடிச்சு வெச்சுடறேன்.

இருதயம்: சரி, சரி. மிளகு இருக்கட்டும். மேல படிங்க.

பெர்னடெட்: இன்னைக்கு முடியாது, இருதயம்.

இருதயம்: கண்ணாடி எடுத்தாரட்டுமா?

பெர்னடெட்: வேணாம். உக்காருங்க... கோவில்ல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேர் எழுதறாங்க, தெரியுமில்ல? செத்தவங்க பேரை வாசிச்சுப் பூசை வைப்பாங்க. என் வீட்டுக்காரர் பேரைக் குடுத்துட்டேன். இன்னொரு பேரும் குடுக்கணும். உங்க கிட்டச் சொல்லாம எப்படிக் குடுக்கறதுன்னு...

இருதயம்: யார் பேரு?

பெர்னடெட்: இந்தக் கடுதாசி சவேரி எழுதினது இல்ல. அவ அண்ணன் எழுதினது. மூணே வரி. வாந்திபேதி... ரெண்டே நாள்ல முடிஞ்சுபோச்சாம்.

இருதயம்: அந்தக் கடுதாசியை இப்படிக் குடுங்க.

பெர்னடெட்: நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்க வந்தீங்க. மலேரியாக் காய்ச்சல் இன்னும் விடல. கடுதாசியை நீட்டி, "சவேரி எப்போ வராளாம்"னு சிரிச்சீங்க. எனக்கு வாய் வரல. என்னென்னமோ சொன்னேன்... பானகம், சுக்குன்னு. திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க...

இருதயம்: பேரைக் குடுக்க வேணாம்.

பெர்னடெட்: நான் சொல்றதை நம்பலியா?

இருதயம்: போன வாரமே கிளாங் கோவில்ல குடுத்துட்டேன். சவேரியம்மாள், நாகப்பட்டினம்னு.

பெர்னடெட்: என்ன? உங்களுக்கு... யாரு சொன்னா?

இருதயம்: நீங்கதான். முதல் நாளே. "பானகத்துல ஏலக்காய் அஞ்சு தட்டிப் போடுங்க"ன்னு படிச்சீங்க. சவேரிக்கு ஏலக்காய் வாசம் பட்டாலே தலைவலி வந்துடும். கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூடத் தொடமாட்டா. இது அவ சொன்னதா இருக்காதேன்னு, காய்ச்சலோட காய்ச்சலா மறுநாளே எங்க டேசன் கிளார்க்கு, பேசில்னு ஒருத்தர், அவர் கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்.

பெர்னடெட்: ஏழு வாரமாத் தெரியுமா? தெரிஞ்சுமா வாராவாரம் படிக்கச் சொன்னீங்க?

இருதயம்: பேசில் படிச்சா அவ செத்துப்போயிடறா, டீச்சரம்மா. நீங்க படிச்சா "வேளைக்குச் சாப்பிடறீங்களா"ன்னு கேக்கறா. நான் அவளை ஊர்ல விட்டுட்டுக் கப்பலேறி வந்து பதினோரு வருசம்... என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல.

பெர்னடெட்: என்னை மன்னிச்சுடுங்க...

இருதயம்: மன்னிக்க என்ன இருக்கு? ஒண்ணுதான் எனக்கு விளங்கல. ரெண்டாவது வாரமே எனக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு. நல்லாத்தான் நடமாடினேன். அப்போ சொல்லியிருக்கலாமே?

பெர்னடெட்: சொல்லியிருந்தா... அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்கு யாரு வருவா?