வீக்கத்தைச் சதை என்றார்கள்

"எனக்கும் ஒரு முட்டை வேணும்" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. புதுச்சேரி சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் முட்டை அப்பாவுக்கும் அண்ணன் ராஜ்கமலுக்கும்தான். வாயே திறக்காதே என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். எனக்கு ஒன்பது வயது.

"பொட்டச்சிக்கு என்னாடி முட்ட?" அப்பா கரண்டியை வீசினார். குறுக்கே வந்த அம்மாவுக்கு முன்பல் போனது.

அம்மா ஒளிந்துகொண்டு செங்கல் பொடி தின்பாள். பேய் பிடித்திருக்கிறது என்று அப்பா செருப்பால் அடித்தார். அடுத்த பிரசவத்தில் செத்துப்போனாள். செங்கல் பொடி தின்பது ரத்தசோகையின் அறிகுறி என்று லாஸ்பேட்டை கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் படித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது எதற்காவது உதவ வேண்டாமா?

போன வருடம் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். அண்ணன் கைவிரித்துவிட்டான். நான்தான் பார்த்துக்கொண்டேன். பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வேளையும் வடிகஞ்சி கொடுத்தேன். அது மட்டும்தான். இரண்டாவது மாதம் வாயோரம் வெடித்தது, முடி கொத்தாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா வைத்துவிட்டுப் போன இட்லிக்கு அப்பா தன் நல்ல கையை நீட்டினார். கட்டிலோரத்து அலமாரிக் கதவிடுக்கில் அந்தக் கையை வைத்துச் சாத்தினேன். இரண்டு விரல் முறிந்தது. கட்டும் நானே போட்டேன், சுத்தமாக.

பிறகு காலும் முகமும் வீங்கின. பொங்கலுக்கு வந்த அண்ணன் அவர் கன்னத்தைத் தட்டினான்.

"பூசினாப்ல ஆயிட்டாரே. நல்லாதான் கவனிக்கிற."

"பசிக்குதுடா" என்றார் அப்பா, குழறலாக.

"இன்னுமா? இது என்னா வயிறா, ஊசுட்டேரியா? எவ்ளோ ஊத்துனாலும் நெறயாது போல."

அவன் எதிரிலேயே அப்பாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. புரதம் இல்லாத உடம்பின் நீர் அது. அண்ணன் சிரித்துக்கொண்டே கரும்பைக் கடித்தான்.

இன்று காலை அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னால் பிழைத்துக்கொள்வார் என்று தெரியும். போனை எடுத்துக் கைப்பையில் போட்டேன். ஒன்பது மணிக்கு உழவர்கரையில் கர்ப்பிணிகளுக்கு என் வகுப்பு. சத்துக்குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தர வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிற வேலை, தாமதமாகப் போகக் கூடாது. வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு நடந்தேன்.