முகாம் குசினியில் ஒரு படையல்

விடியப்புறம் மூன்று மணி. கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கம் போகிற ரோடு. பகலில் கால் வைக்க இடமில்லாத ரோடு அது... அந்த நேரத்தில் ஒரு ஆட்டோகூட இல்லை. சைக்கிளில் யோகராஜ் மட்டும் தனியாகப் போகிறான்.

பொறுங்கள். தனுஷியா, முதலில் அந்த போன் லைட்டை அணை. கரண்ட் போனதும் ஒருவகையில் நல்லதுதான், இந்த மாடி ஆட்களெல்லாம் இப்படிப் படிக்கட்டில் ஒன்றாக உட்கார்ந்து எவ்வளவு காலம்! கனகசபாபதி அங்கிள், நீங்கள் நம்பவே வேண்டாம். நடுவில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

யோகராஜ் யார் என்றால், என்னோடு பார்மசியில் நிற்கிற ஜீவராணியின் புருஷன். பகலில் கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். விடியப்புறத்தில் ஆமிக் காம்பில் பகுதிநேரச் சமையல். ஆமிக் காம்பில் தமிழ் ஆளா என்று வாயைப் பிளக்க வேண்டாம். சாமான் விலை ஏறிய காலத்தில் அந்தக் குசினியில் பாதிப் பேர் விலகிப் போய்விட்டார்களாம். காம்புச் சமையலைக் கொந்தராத்தில், அதுதான் காண்டிராக்டில், எடுத்த ஜவாத் நானா இவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். பசிக்கிற வயிறு சமைத்தவன் யார் என்று கேட்குமா?

ஆனால் காம்புக்காரர் கேட்டார்கள். பாஸ் எழுதிய அதிகாரி, "கூடப்பிறந்தவங்க யாராவது?" என்றார்.

"யாரும் இல்லைங்க சேர்," என்றான் யோகராஜ்.

அது பொய். அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். தேவராஜ். சண்டைக் காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், யாரென்றே தெரியாதவர்கள் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் பாஸ் கிடைத்திருக்குமா? நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். செக்பொயின்ட்டில் நாங்கள் எல்லோரும் சொல்லாத பொய்யா?

வீட்டில் வேறு பிரச்சினை. தாய் மயிலம்மா, மகன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஒரே பிடியாய் நின்றாள். திவசம் என்ற சொல்லையே எடுக்க விடமாட்டாள். "இருக்கிற புள்ளைக்கு எவனாச்சும் படையல் போடுவானா? போட்டியன்னா அன்னைக்கே நான் இந்த வீட்ட விட்டுப் போயிருவேன்." கோயில் ஐயரோ, செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் செத்தவன் பசியோடு அலைவான் என்று சொல்லிவிட்டார். யோகராஜுக்கு நித்திரை போய்விட்டது. அண்ணன் இருந்தால், படையல் போடுவது பாவம். இல்லையென்றால், போடாமல் விடுவது பாவம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து உழன்றான், பாவம்.

அன்று ஆடி அமாவாசை. வீட்டில் போட முடியாது. விடியுமுன் தன் கையால் சோறு வடித்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு இலை போடக்கூடிய இடம் அவனுக்கு ஒன்றுதான் இருந்தது... காம்பு குசினி. ஜீவராணிக்குக்கூடச் சொல்லவில்லை. பையில் ஒரு வாழையிலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனான். கேட்டில் நின்ற சிப்பாய் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தான். "லம்ப்றைஸ் செய்யப் போறியா, மல்லி?" வாழையிலையில் பொதிந்து சுடுகிற சோறுதான் லம்ப்றைஸ்; மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

குசினிக்குப் பொறுப்பு கோப்ரல் சேனாரத்ன. பென்ஷனை எட்டிவிட்ட மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். சோறு வடித்து, பருப்பும் இறக்கியானதும், சம்பலுக்குத் தேங்காய் எடுக்க ஸ்டோர் பக்கம் போனார். இதுதான் நேரம் என்று யோகராஜ் பின்கதவு மூலையில் தெற்குப் பார்த்து இலையை விரித்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு கிளாஸ் தண்ணீர்.

படையல் போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இன்னாருடைய மகன் இன்னார், வந்து சாப்பிடு என்று. அதுதான் முறை, நமக்கெல்லாம் தெரியும். அவனும் வாயைத் திறந்தான்... வெளியே பூட்ஸ் சத்தம். காவல்காரன் யாரோ நடந்து போகிறான். பெயரை அப்படியே விழுங்கிவிட்டான்.

"வாங்க... வந்து சாப்பிடுங்க," என்றான். அவ்வளவுதான் சொன்னான். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக் கூடாதென்று இலைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

கொஞ்ச நேரம் காஸ் அடுப்பு இரைகிற சத்தம் மட்டும்...

பிறகு பக்கத்துச் சாப்பாட்டு ஹோலில் பொடியன்கள் உட்காருகிற வாங்குப் பலகை ஒன்று இழுபட்டது. கிரீச்... என்று. பிறகு இன்னொன்று. பிறகு அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிற சத்தம். டங்... டங்... டங்... பொடியன்கள் இன்றைக்கு வேளைக்கே எழும்பிவிட்டார்கள் என்று நினைத்தான். ஆனால் மணம் சரியில்லை. சோற்று மணத்துக்கு மேலே, களப்புச் சேறும் நனைந்த சாக்கும் சேர்ந்த ஒரு மணம்.

குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சோறு கொடுக்கிற சின்ன யன்னல் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு தட்டு நீண்டது. போட்டான். இன்னொரு தட்டு. போட்டான். தட்டைப் பிடித்த விரல்கள் ஈரமாக இருந்தன, நகமெல்லாம் மண். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆமிப் பொடியன்கள் சாப்பாட்டுக்கு வந்தால் பகிடியும் கூச்சலும் காதைப் பிளக்கும்... இது மூச்சுச் சத்தம்கூட இல்லை. யோகராஜ் குனிந்து யன்னலால் எட்டிப் பார்த்தான்.

ஹோலில் யாரும் இல்லை. வாங்குகள் மட்டும் எல்லாம் இழுபட்டுக் கிடந்தன.

தலையை உள்ளே எடுத்தான். யன்னலில் அடுத்த தட்டு நீண்டிருந்தது.

அந்த நேரம் தேங்காய்களோடு கோப்ரல் உள்ளே வந்தார். மணத்தைப் பிடித்தார். மூலையில் இருந்த இலையைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கை இல்லை, கழுவி வைத்தது மாதிரிக் கிடந்தது. தேங்காய்கள் நிலத்தில் உருண்டன. சிங்களத்தில், மெல்லத்தான் கேட்டார்.

"செத்தவங்களுக்குச் சோறு வச்சியா, மல்லி? பேர் சொன்னியா?"

யோகராஜ் இல்லையென்று தலையாட்டினான்.

"ஐயோ! பேர் சொல்லாமக் கூப்பிட்டா, காதுல விழுந்த எல்லாரும் வருவாங்க. இந்தக் காம்பில பசியோட இருக்கிறவங்க கொஞ்சப் பேரா?" அவர் இன்னொரு அகப்பையை எடுத்தார். "நிப்பாட்டாத. வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. போடு."

இரண்டு பேரும் போட்டார்கள். தட்டு வரும், போகும். ஒரு தட்டு வந்தபோது கோப்ரல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சமன்..." என்றார். பருப்பை இரண்டாம் முறையும் ஊற்றினார். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. சமன், சண்டையில் அவரோடு நின்று, திரும்பி வராத பொடியனாம்.

யோகராஜுக்குப் பயம் போய்விட்டது. ஒவ்வொரு கையாகப் பார்த்தான். இதுவா... இதுவா... அண்ணன் இந்த வரிசையில் நின்றால் அவன் செத்துவிட்டான். நிற்காவிட்டால் அம்மா சொல்வதுதான் சரி. வர வேண்டும் என்று வேண்டுவதா, வரக் கூடாது என்று வேண்டுவதா? அவனுக்கே தெரியவில்லை.

"என்னோட ஆள் வந்துட்டான்," என்றார் கோப்ரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ யாரக் கூப்பிட்ட, மல்லி? உனக்கும் யாராவது...? அண்ணன் தம்பியா?"

யன்னலில் ஒரு தட்டு நீண்டிருந்தது. யோகராஜ் அகப்பையில் சோற்றை அள்ளியிருந்தான், இன்னும் போடவில்லை. கோப்ரல் நல்ல மனிதர்தான்... ஆனால் போட்டிருப்பது ஆமி உடுப்பு. பாஸில் எழுதியது ஒன்று, இங்கே சொல்வது ஒன்று என்றால் வேலையோடு முடியுமா?

"எனக்கு யாரும் இல்லை, அய்யே," என்றான். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். "அண்ணன் தம்பி யாருமே இல்லை."

யன்னலில் இருந்த தட்டு அசையாமல் நின்றது. பிறகு மெல்ல... மெல்லப் பின்னுக்குப் போனது. வெறும் தட்டாகவே போனது.

அதற்குப் பிறகு ஒரு தட்டும் வரவில்லை.

அண்டாவில் அடிச்சோறுகூட மிச்சமில்லை. பொடியன்களுக்குச் சாப்பாடு பிந்தியது. சோறு அடிப்பிடித்துவிட்டது, என்னுடைய பிழைதான் என்று கோப்ரல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஏச்சு வாங்கினார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

யோகராஜால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. உருட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தான். வாசலில் ஜீவராணி பேயறைந்தவள் மாதிரி நிற்கிறாள். உள்ளே மயிலம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, அடுப்படியில் நின்று பாட்டு முணுமுணுக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை. மகனைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"நான் சொன்னேன்ல! தேவா வந்துட்டான்டா. விடியக்காலையில கதவத் தட்டுறான். மெலிஞ்சி போய், மேலெல்லாம் ஈரம், கையெல்லாம் சேறு. சோறு போட்டேன். சட்டியோட தின்னுட்டான்." பிறகு குரல் மாறியது. "ஏன்டா அப்புடிச் செஞ்ச? எல்லாருக்கும் சோறு போட்டியாமே? 'நானும் தட்ட நீட்டுனேம்மா... தம்பி, எனக்கு அண்ணனே இல்லன்னு சொல்லிட்டான்'னு அழுறான்."

ஜீவராணி இரவு முழுக்க அந்த வீட்டில்தான் இருந்தாள். கதவு தட்டிய சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

"எங்கம்மா அவன்?" என்று கேட்டான் யோகராஜ்.

மயிலம்மா உதட்டில் விரலை வைத்தாள். "உள் ரூம்ல படுத்திருக்கான். எத்தன வருசத்துத் தூக்கமோ... சத்தம் போடாத."

அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. பழைய சாமான் போடுகிற அறை. யோகராஜ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஜீவராணிதான் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.