சத்து மாத்திரை

இல்ல தாயி, எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப உள்ள கூட்டிட்டுப் போனாங்கள்ல, அவ என் மருமவ, இசக்கிச்செல்வி. வயித்தப் பாத்துட்டு அவ மாசமா இருக்கான்னுதான நீயும் நெனச்ச? எங்க எப்போதும்வென்றான் ஊரே அப்படித்தான் நெனச்சுது. நாப்பத்தோரு வயசுல என்னட்டி இதுன்னு கேலி பேசுனாளுவ.

புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லீரல் தாயி. அதுல நீர்க்கட்டி, கொத்துக்கொத்தா. பொறவியிலயே உள்ளதாம், மெல்லத்தான் பெருக்குமாம். ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்காது. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். போன வாரம் ஒரு கட்டிக்குள்ள சீழ் புடிச்சு, காய்ச்சல் தூக்கிப்போட்டுட்டு. இன்னைக்கு ஊசி குத்தி உறிஞ்சணும்ங்காரு டாக்டரு. உறிஞ்சுனாலும் திரும்ப ஊறுமாம். இன்னும் பெருத்தா ஈரலையே வெட்டணுமாம்.

எட்டு மாசத்துல ஏன் இப்படி வீங்குச்சுன்னு அவியளுக்கே விளங்கல. ஹார்மோன் மாத்திரை எதுவும் முழுங்குதாளான்னு போன வாரமே மூணு வாட்டி கேட்டாரு. அதுதான் கட்டிக்குத் தீனியாம். எம்மவன் சோலை இல்லன்னுட்டான். அவளும் இல்லன்னுட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

சோலை சாமியாடில்லா. பொம்பளை வீட்டுக்குத் தூரம்னா அஞ்சு நாளு தனிக் குச்சுலதான் இருக்கணும். அடுப்பு, ஆடு, தண்ணி எல்லாம் என் தலையில. முட்டிவலியோட ஒரு மைல் நடந்து நல்லதண்ணி எடுத்துப் பாரு, தெரியும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாளத் தள்ளிப்போடணும்னு கர்ப்பத்தடை மாத்திரை வாங்கிக் குடுத்தேன். அவளும் தெரிஞ்சுதான் தின்னா. கொடை முடிஞ்சதும் கொமட்டுது, வேண்டாம் அத்தேன்னுட்டா. எனக்குத்தான் அந்தச் சொகத்த விட மனசில்ல.

சத்து மாத்திரைன்னு சொன்னேன் தாயி. நர்சம்மாகிட்ட வாங்கி, அட்டையில இருந்து பிதுக்கி, வெள்ளைய மட்டும் கையில குடுப்பேன். கூட இருக்குற கறுப்பு மாத்திரைதான் நெசமான சத்து மாத்திரையாம், அத தூரப் போட்டேன். நாள் வரலன்னதும் நின்னுபோற வயசுன்னு நெனச்சுக்கிட்டா.

டாக்டரு சொன்ன அன்னைக்கே நிறுத்திருக்கணும். நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல தூரம் வந்துரும், மாத்திரைதான் காரணம்னு அவளுக்கு வெளங்கிரும்ல்லா. பாவி நான், இன்னைக்குக் காலைலயும் ஒண்ணு குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

அந்தா, டாக்டரு வாராரு. இந்தா, அந்த மாத்திரை அட்டை. நீ கொண்டு குடுத்திரு தாயி. அவ பையில இருந்து விழுந்துச்சுன்னு சொல்லு.