ரிப்பன் இல்லாத பிரிண்டர்

மாலை ஆறே கால் மணி. ஐப்பசி மாதம். வலங்கைமான் கடைத்தெருவைத் தாண்டி, குடமுருட்டிக் கரையை ஒட்டிப் போகும் சாலை... இரண்டு பக்கமும் நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல். வீடு ஒன்றுகூடக் கிடையாது. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்கு எரிந்தால் அதிகம். அந்தத் தூறலில் ஒரு மனிதர் மொபெட்டில் போகிறார். கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய லேசர் பிரிண்டர். பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இல்லை, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இனி விடிந்துதான் ஓடுமாம். தூக்கம் வருகிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துவிடலாம்.

இது நான் பார்த்ததில்லை. சென்னையில் என்னோடு ஒரே அறையில் நான்கு வருடம் தங்கியிருந்த செம்மொழி சொன்னது. மொபெட்டில் போனவர் அவனுடைய அக்காள் வீட்டுக்காரர். பெயர் தியாகேசன். தாராசுரத்தில் வீடு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் செம்மொழி இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

தியாகேசனுக்குப் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் வேலை. அரிசி ஆலை, உரக்கடை, லாட்ஜ்... இருபது வருடத்துக்கு முன் போட்ட மென்பொருளையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பிரிண்டர் போய்விட்டால் புதிதாக ஒன்று வாங்கி வருவார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு அதை அடையாளமே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பேசி வைக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். டிரைவர் என்பார்கள். எங்கிருந்தாவது அதைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுப்பதில், கும்பகோணம் வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை.

அன்று அவரைக் கூப்பிட்டிருந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. மூடி ஐந்து வருடம் ஆகிவிட்டது. நடத்திய டாக்டர் அம்மா போன தை மாதம் இறந்துபோனார். மகன் விஸ்வா கனடாவிலிருந்து வந்திருந்தான். கட்டிடத்தை விற்றாகிவிட்டது, மறுவாரம் இடிக்கிறார்கள். ஆனால் அங்கே பிறந்தவர்கள் இன்னும் பிறப்புச் சான்று கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகள் முழுவதும் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

"எல்லாத்தையும் ஒரு தடவ பேப்பர்ல எடுத்துக் குடுத்துடுங்கண்ணே. அம்மா உங்க பேரத்தான் எழுதி வச்சிருந்தாங்க."

தியாகேசன் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தார். பத்தொன்பது வருடமாக அந்தச் சாலைப் பக்கமே அவர் போனதில்லை. மன்னார்குடிக்குப் போவதென்றால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் வைத்ததே அவர்தான். இருபத்து மூன்று வயதில், அவருடைய முதல் வேலை அது.

அதற்கு நான்கு வருடம் கழித்து, அவர் மனைவி கலைமகளுக்கு அங்கேதான் பிரசவம் ஆனது. தலைப்பிரசவம். குழந்தை தங்கவில்லை. வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று சொன்னார்கள். அதன்பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

கலைமகள் மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அழுதுச்சுங்க. நான் கேட்டேன்."

மயக்க மருந்தில் அப்படித்தான் தோன்றும் என்றார்கள். வருடங்கள் போனபிறகும் சொன்னாள். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார். எட்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தாள். மாத்திரை அட்டையைக் கிழித்துக் கையில் வைத்து, தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நிற்பவர்... தியாகேசன்.

சரி. ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

விஸ்வா கதவைத் திறந்துவிட்டு, டார்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்கக் கும்பகோணம் போய்விட்டான். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. வௌவால் புழுக்கை வாடை. பதிவேட்டு அறையில் ஒரே ஒரு குழல் விளக்கு. மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர், மஞ்சளாகிப்போய் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஊசிமுனைகள் ரிப்பனைத் தட்டித் தட்டி எழுத்து விழுமே, அந்த வகை. தலைப்பகுதி துருப்பிடித்து நகரவே இல்லை. ரிப்பனைக் கழற்றிப் பார்த்தார். கருவாடு மாதிரி காய்ந்திருந்தது. தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பின்பக்கக் கேபிளை உருவினார். மின்சாரப் பிளக்கையும் பிடுங்கினார். மாட்டியிருந்த பழைய தாளோடு பிரிண்டரை இறக்கி மூலையில் தரையில் வைத்தார்.

தான் கொண்டுவந்த லேசர் பிரிண்டரை அந்த இடத்தில் மாட்டினார். குறுந்தகட்டைப் போட்டு டிரைவரை ஏற்றினார். முதல் முறை ஏறவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டு மென்பொருள் பிரிண்டரின் பெயரையெல்லாம் பார்க்காது, எழுத்துகளைக் கேபிள் வழியே கொட்டத்தான் அதற்குத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினார். சோதனைத் தாள் சுத்தமாக வந்தது.

பதிவேட்டை அச்சுக்குக் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு ஒரு தாள். வந்துகொண்டே இருந்தது. இரண்டாயிரத்து இரண்டு... மூன்று... நான்கு. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி.

தியாகேசன் எழுந்து நின்றுவிட்டார். கலைமகளுக்குப் பிரசவமான நாளுக்கு முந்தைய நாள் பிறந்த குழந்தையின் தாள் வந்தது. அடுத்தது, மறுநாள் பிறந்த குழந்தை. நடுவில் ஒன்றும் இல்லை.

இருக்காது. அவருக்குத் தெரியும்.

அந்தக் குழந்தை வயிற்றில் இறக்கவில்லை. உயிரோடுதான் பிறந்தது. பெண். ஐந்தே கால் மணி நேரம் இருந்தது. கலைமகள் பக்கத்து அறையில் நினைவில்லாமல் கிடந்தாள். ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைப்பாளா என்றே தெரியாத நிலை. குழந்தை அவர் கையிலேயே போனது. வெளியே வந்தவர், டாக்டர் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருந்தது என்று தெரிந்தால் இவளும் போய்விடுவாள், வயிற்றிலேயே போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று அழுதார்.

"தப்பு தியாகு. இப்ப வேணும்னா சொல்லல. ஆனா நீ ஒரு நாள் சொல்லிடணும்."

"சொல்லிடுறேம்மா."

குழந்தையை ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தார். பிறகு இதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையாலேயே அந்தப் பதிவை அழித்தார். அந்த மென்பொருளில் அழித்தால் உடனே போகாது. அழித்ததாக ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் அடியோடு போகும். அதையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். பிரசவ விவரம் எழுதிய கேஸ் ஷீட்டைக் கிழித்து ஆற்றில் விட்டார்.

அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, முதலில் வாடை வந்தது. டெட்டால். அதற்குள்ளே குழந்தைப் பவுடர். அதற்கும் உள்ளே... பிறந்த குழந்தையின் தலையில் வருமே, அந்த வாடை.

பிறகு மூலையில் சத்தம்.

க்ர்ர்ரிக்... டக்.

திரும்பினார். தரையில் இருந்த டாட் மேட்ரிக்ஸ். பிளக் தரையில் கிடக்கிறது. கேபிள் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது. துருவேறிய தலை மட்டும் இடமிருந்து வலமாக நகர்கிறது. நிற்கிறது. தாள் ஒரு வரி ஏறுகிறது. மறுபடி... க்ர்ர்ரிக்... டக்.

ஓட வேண்டும் என்றே தோன்றவில்லையாம். அவ்வளவு மெதுவாக அடித்ததாம் அது. எழுதப் பழகும் குழந்தை எழுதுகிற மாதிரி. பதினோரு வரி. எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறார். பிறகு அடங்கிவிட்டது.

தாளைக் கிழித்தெடுத்தார். வெள்ளைத் தாள். ஒரு புள்ளி கிடையாது. ரிப்பன்தான் குப்பைக் கூடையில் கிடக்கிறதே.

ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. குறுந்தகட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்தார். மற்ற எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பையை மட்டும் தூக்கிக்கொண்டு மழையிலேயே மொபெட்டை எடுத்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது இருக்கும். நனைந்து சொட்டிக்கொண்டிருந்தார். கலைமகள் துண்டைக் கொடுத்தாள். பையைத் துடைத்து, பொருள்களை எடுத்துக் காயவைத்தாள். பெட்டியைத் திறந்தாள்.

"என்ன பேப்பருங்க இது?"

"ஒண்ணுமில்ல. வெத்துப் பேப்பர். போட்டுடு."

"வெத்துப் பேப்பர் எப்படிங்க இப்படிச் சொரசொரன்னு இருக்கும்?"

ஊசிமுனைகள் தாளில் குத்தியிருந்தன. மை இல்லை. ஆனால் பள்ளம் இருந்தது. கலைமகள் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தாள். விரலை வைத்துத் தடவினாள். ஆங்கில எழுத்துகள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே போனாள். முதலில் மனதுக்குள். பிறகு வாய்விட்டு.

"பெண் குழந்தை... ஒரு கிலோ தொள்ளாயிரம்... பிறந்த நேரம் நாலு பத்து..." விரல் நின்றது. "பிறந்தவுடன் அழுதது."

மறுபடி அதே வரியைத் தடவினாள்.

"பிறந்தவுடன் அழுதது."

தியாகேசன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க தூக்குனீங்களா?"

"தூக்குனேன்."

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு கலை."

"கண்ணத் தெறந்துச்சா?"

"ஒரே ஒரு தடவ."

"யாரத் தேடுச்சு?"

அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"பக்கத்து ரூம்லதான கெடந்தேன். தூக்கிட்டு வந்து எம்மேல போட்டிருக்கலாம்ல?"

"நீ பொழப்பியான்னே தெரியல அப்ப. நீயும் போயிடுவன்னு பயந்துட்டேன்."

"சரி. பொழச்சேன்ல? அப்பறம் சொல்லியிருக்கலாம்ல? மாத்திரையக் கையில குடுத்தப்பயாவது?"

அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பைத்தியம்னு நானே நம்பிட்டேங்க" என்றாள் கலைமகள். அவ்வளவுதான் சொன்னாள்.

விடிந்ததும் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விஸ்வா இருந்தான். தியாகேசன் கம்ப்யூட்டரை ஓட்டி, அழித்த பதிவுகளையும் சேர்த்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அந்த நாளில் எதுவும் இல்லை. அடியோடு துடைத்தது துடைத்தபடியே இருந்தது. டாட் மேட்ரிக்ஸின் தலையை விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. விஸ்வாவும் பார்த்தான்.

"இது அம்மா இருக்கறப்பவே செத்துப்போச்சேண்ணே" என்றான்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். எங்கே புதைத்தீர்கள், காட்டுங்கள் என்றாள் கலைமகள். ஒரு புங்கமரத்தடி என்பது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் இடையில் கரையை உயர்த்தி, சரிவு முழுவதும் சிமெண்ட் போட்டுவிட்டிருந்தார்கள். மரம் எதுவும் இல்லை. இங்கே இருக்கும் என்றார். பிறகு, இல்லை, அதோ அங்கே என்றார். அரை மைல் தூரம் அப்படியே காட்டிக்கொண்டு போனாராம். அவள் அவர் காட்டிய ஒவ்வொரு இடத்திலும் குனிந்து, அந்தச் சிமெண்டில் கையை வைத்து வைத்து எடுத்தாளாம். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம்.

அன்றைக்கே கலைமகள் ஒரத்தநாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தியாகேசன் வாரம் தவறாமல் போவார். வாசலில் உட்கார வைத்துக் காபி கொடுப்பாள். பேச மாட்டாள். பங்குனியில் அவளாகவே திரும்பி வந்தாள். இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவருக்குச் சோறு போடுகிறாள். மாத்திரையைத் தொடுவதில்லை.

செம்மொழி போன மாதம் அங்கே போயிருந்தான். அத்தான் கடைக்குப் போன நேரம். அக்கா பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தாள் முழுவதும் தேய்த்து வைத்திருந்தாள். கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளை வெளேர் என்று தெரிந்தன. பதினோரு வரி. எடை, நேரம், எல்லாம்.

செம்மொழி முதல் வரியில் நின்றுவிட்டான். பெயர் எழுதும் இடம் அது. பேர் வைக்காத குழந்தையென்றால் அந்த ஆஸ்பத்திரியில் தாயின் பெயரைப் போட்டு, இன்னாருடைய குழந்தை என்றுதான் எழுதுவார்கள். இதில் அப்படி இல்லை.

குந்தவை என்று இருந்தது.

"யாருக்கா வச்சது இந்தப் பேரு? அத்தானா?"

"அவருக்குத் தெரியாதுடா. அவர் இந்தத் தாளையே இன்னும் முழுசாப் பாக்கல."

"அப்ப நீயா? யார்கிட்ட சொல்லி வச்சிருந்த?"

கலைமகள் தாளை மடித்தாள்.

"யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏழு மாசத்துல, ராத்திரி தூக்கம் வராம படுத்துக்கெடப்பேன். அப்பல்லாம் வயித்துல கைய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன். ஒரு தடவகூட வாய் விட்டுக் கூப்பிட்டதில்லடா... மனசுக்குள்ளதான்."